நாத்தனாரின் முப்பத்திரண்டு மார்க்கு

முப்பத்திரண்டு என்ற எண்ணை நான் ஒரே கோடையில் பத்துத் தடவை எழுதினேன். கட்டைப் பேனாவை மைக்கூட்டில் தோய்த்து, முள்ளின் நுனியில் தொங்கும் சொட்டைக் கூட்டின் விளிம்பில் வழித்துவிட்டு, இங்கிலீஷ் மூன்றையும் இரண்டையும் போட்டேன். முதல் ஐந்து தடவை எழுதியபோது எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். மற்ற மார்க்குகளைச் சாதாரணமாக எழுதிக்கொண்டு வந்து, அந்த இடம் வரும்போது மட்டும் பேனாவை மறுபடி தோய்த்துக் கொஞ்சம் அழுத்தி எழுதினேன். காய்ந்த பிறகும் அது ஒன்றுதான் தாளில் தனியாகக் கறுத்துத் தெரிந்தது. அது என் மார்க்கு அல்ல. என் நாத்தனார் பி.ஏ. கணக்குப் பரீட்சையில் ஆறாவது தாளில் வாங்கியது. அவள் காலமாகி இந்த வைகாசியோடு ஒரு வருஷம் ஆகிறது. அவளைப் பற்றி நல்லதாக எழுத அவளிடம் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது அவள்மேல் நான் பட்ட பொறாமையைப் பற்றி. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

என்னைக் கொடுத்த ஊர் பாலக்கோட்டுக்கு மூன்று மைல் தள்ளி இருந்தது. மாமனார், அவருடைய ஒரே மகனான என் வீட்டுக்காரர், நான், இவ்வளவுதான் வீட்டில் ஆள். மாமியார் நான் வருவதற்கு வெகு நாள் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அப்போது ஏழு வயதாக இருந்த மகளை மாமியாரின் தங்கை சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்தச் சித்தி சிறு வயதிலேயே தாலியை இழந்தவர்; ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அவருக்கு இந்தப் பெண்தான் எல்லாம். பள்ளிக்கூடம், ஹைஸ்கூல், காலேஜ் என்று படிக்க வைத்துக்கொண்டே போனார். போதும் என்று சொல்ல மாமனார் வாயெடுத்த போதெல்லாம் அவள் அடுத்த கிளாசுக்குப் போய்விட்டிருந்தாள். லீவுக்கு லீவு ஊருக்கு வருவாள். வீட்டில் எல்லாருக்கும் அவள் பாப்பா. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். என்னைவிட அவள் ஒரு வயது பெரியவள்தான். ஆனாலும் அண்ணன் பெண்டாட்டி என்பதால் என்னை அண்ணி, வாங்க, போங்க என்பாள். பி.ஏ. படிக்கிறவள் அஞ்சாங் கிளாஸ் படித்தவளைப் பார்த்து, "சாப்ட்டீங்களா அண்ணி?" என்று கேட்கும்போது எனக்கு அது மரியாதையாகப் படாது. உயரமான ஆள் தாழ்ந்த நிலைப்படியில் நுழையும்போது தலையைக் குனிவதைப் போல இருக்கும். நிலைப்படிக்கு அதில் என்ன பெருமை?

நானும் கணக்கில் கெட்டிக்காரிதான். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொன்னதில்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மனக்கணக்கில் பையன்களுக்கு முன்னால் நான் விடை வைத்திருப்பேன். எழுந்து நின்று சொல்ல வெட்கப்பட்டு உட்கார்ந்திருப்பேன். வேறு யாராவது சொல்லிப் பேர் வாங்கிக்கொள்வார்கள். என் கையெழுத்து மட்டும் தானாகவே வெளியில் தெரிந்தது. பலகையில் பாடம் எழுதிப்போட வாத்தியார் என்னைத்தான் கூப்பிடுவார். இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் நாலு கோட்டு நோட்டில் அச்சு மாதிரி எழுதுவேன். அர்த்தம் ஒன்றும் தெரியாது. அஞ்சாவது முடிந்ததும், மேலே படிக்கப் பாலக்கோட்டுக்கு நடக்க வேண்டும் என்பதால் அப்பா நிறுத்திவிட்டார். எனக்கு ஒரு நர்ஸ் சித்தி இல்லை. எனக்கும் பாப்பாவுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் அது ஒன்றுதான் என்று நான் வெகுநாள் நம்பினேன்.

நான் சொல்லும் வருஷம் யுத்தம் இன்னும் முடிந்திருக்கவில்லை. மாசியில் எனக்குத் தலைப்பிரசவம். பிரசவத்துக்குப் போக எனக்கு அம்மா இல்லை, அதனால் இங்கேயேதான். பெண் பிறந்த நாலாம் நாள் எனக்கு ஜன்னி கண்டுவிட்டது. பாப்பா சென்னையிலிருந்து வந்து கூட இருந்தாள். காலேஜில் லீவு விட்டிருக்கிறார்கள் என்றாள். நான் அதை நம்பினேன். பங்குனியில் நான் எழுந்து உட்கார்ந்த பிறகு, பரீட்சைக்கு என்று கிளம்பிப் போனாள். பரீட்சை முடிந்து வைகாசியில் வந்திருந்தபோது சித்தியிடமிருந்து கடிதமும் மார்க்குத் தாளும் வந்தன. பாஸ், ஆனால் மூன்றாவது கிளாஸ். பாப்பா இரண்டு நாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தாள். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து சமாதானம் சொன்னார்.

"அட, பாஸாயிட்டயே பாப்பா. நம்ம வம்சத்துலயே பி.ஏ. நீதான்."

"பாஸ் வேற, கிளாஸ் வேற அண்ணா. மூணாவது கிளாசுக்கு எம்.ஏ.ல யாரு எடம் தருவாங்க?"

நான் அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தேன். கேட்கக் கேட்க எனக்குக் கை வலியே தெரியவில்லை. அன்றைக்குக் களி அவ்வளவு பதமாக வந்தது.

அவளுக்கு எம்.ஏ. கணக்குப் படித்தே ஆகவேண்டும். மாமனாருக்கோ அரூரில் ஒரு மாப்பிள்ளை கையில் இருந்தார். மாமியார் வழியில் தூரத்து உறவு, நல்ல குடும்பம், மண்டி வியாபாரம். மாமனார் நியாயஸ்தர். மகளைக் கூப்பிட்டு நேராகச் சொல்லிவிட்டார்: "ஆனி கடசிக்குள்ள எந்தக் காலேஜாவது உன்னச் சேத்துக்கறேன்னு எழுதிட்டா போய்ப் படி, நான் குறுக்க நிக்கல. இல்லன்னா ஆவணியில கல்யாணம். அப்பறம் கண்ணக் கசக்கக் கூடாது." அவள் சரி என்றாள். அந்த நிமிஷத்திலிருந்து நான் அரூர் மாப்பிள்ளையின் கட்சி. அவளும் ஒரு வீட்டில் போய் விழுந்து, புகையூதி, பிள்ளை பெற்று, என்னைப் போல் ஆகிவிட்டால் என் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது அணைந்துவிடும் என்று நினைத்தேன். வாயால் யாரிடமும் சொல்லவில்லை. நான் எதையுமே யாரிடமும் சொல்கிறவள் இல்லை.

அந்த வாரம் முழுக்கப் புளி தட்டும் வேலை. எல்லாருமாகக் கூடத்தில் உட்கார்ந்து கொட்டை எடுப்போம். பாப்பா அடுப்புக்கரியால் தரையில் ஒரு பெரிய முக்கோணம் போல் இந்தியா தேசத்தை வரைந்து, ஐந்து இடத்தில் வட்டம் போட்டாள். ஒவ்வோர் ஊரிலும் தனக்கு இடம் கிடைக்கப் பத்துக்கு எத்தனை வாய்ப்பு என்று கணக்கிட்டு, அத்தனை புளியங்கொட்டை வைத்தாள். சென்னைக்கு ஒன்று; அங்கே முதல் இரண்டு கிளாஸ்காரர்களுக்கே இடம் போதாது. சிதம்பரத்துக்கு மூன்று. மைசூருக்கு ஆறு, காலேஜில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த அம்மாள், அங்கே கிளாஸைவிடக் கணக்குத் தாள்களின் மார்க்கைத்தான் பார்ப்பார்கள் என்று சொல்லியிருந்தாராம். நாக்பூருக்கு நான்கு. காசிக்கு இரண்டு.

"மைசூர்னா சரி," என்றார் மாமனார். "எனக்குக் கன்னடம் பேச வரும். மாசத்துக்கு ஒருக்கா நானே வந்து பாத்துக்குவேன். காசிய எதுக்கும்மா போடற? நான் வயசான காலத்துல போகலாம்னு வச்சிருக்கற ஊரு. எனக்கு முந்தி நீ போறயா?"

"உங்களுக்கு எடம் புடிச்சு வைக்கறேன்ப்பா."

"நாக்பூர்னா ஆரஞ்சுப் பழம் அனுப்புவா," என்றார் என் வீட்டுக்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். பாப்பா என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க அண்ணி. எது தேவலாம்?"

"எனக்கென்ன தெரியும்?" என்றேன். ஆனால் மனசுக்குள் கூட்டி முடித்திருந்தேன். ஐந்து ஊருக்கும் சேர்த்துப் பதினாறு கொட்டை. ஐம்பதுக்குப் பதினாறு. அவள் அந்தப் பதினாறைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தரையில் இல்லாத முப்பத்துநான்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் ஆண்கள் காட்டுக்குப் போன பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். ஏன் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவளுக்கு முன்னால் நானும் யாரோ ஒருத்தி என்று காட்டிக்கொள்ள ஆசை வந்திருக்கும். சின்னப் பெண்ணாக இருந்தபோது புளி தட்டும்போது நானே கண்டுபிடித்த ஒன்று என்னிடம் இருந்தது. ஒரு கொட்டை வைத்து, அதை ஒட்டி மூன்று வைத்தால் சதுரம் வரும். அதை ஒட்டி ஐந்து வைத்தால் அடுத்த சதுரம். பிறகு ஏழு, பிறகு ஒன்பது. எப்போதும் இரண்டு கூட. பன்னிரண்டு வரிசைச் சதுரம் வரைக்கும் வைத்துப் பார்த்திருந்தேன். யாருக்கும் சொன்னதில்லை. உலகத்தில் எனக்கு மட்டும் தெரிந்தது என்று நினைத்து வைத்திருந்தேன். அதைத் தரையில் வைத்துக் காட்டினேன்.

பாப்பாவுக்குக் கண் விரிந்துவிட்டது. "யாரு அண்ணி சொல்லிக் குடுத்தாங்க?"

"யாருமில்ல. நானா பாத்தது."

"நெசமாவா? நீங்களாவா?" என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், எனக்கு அவள்மேல் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. அதற்குள் அவள் கரியை எடுத்துத் தரையில் ஒரு வரி எழுதினாள். இங்கிலீஷ் எழுத்து, தலைமேல் குட்டியாக ஓர் இரண்டு, ஒரு கூட்டல், ஒரு சமம். "இதான் நீங்க சொன்னது. இனிமே வச்சுப் பாக்கவே வேண்டாம். எவ்வளவு பெரிய சதுரத்துக்கும் இது சரியா வரும்."

"எவ்வளவு பெரிசுக்குமா?"

"எவ்வளவு பெரிசுக்கும்."

அவள் எனக்குச் சந்தோஷமான செய்தி சொல்வதாக நினைத்தாள். பன்னிரண்டு வரிசை வைக்க எனக்கு இரண்டு கோடை ஆகியிருந்தது. அவளுக்கு அரை விரல் கரி. சாயங்காலம் கூடம் பெருக்கும்போது நான் அந்த வரியைத்தான் முதலில் பெருக்கினேன். ஈரத் துணி போட்டும் துடைத்தேன்.

மறுநாள் அவள் மார்க்குத் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் மார்க்குத் தாளின் நகல் ஒன்று வைக்க வேண்டும். அசலைப் பார்த்து நகல் சரி என்று கெஜட் அதிகாரி ஒருவர் கையெழுத்துப் போட்டு முத்திரை வைக்க வேண்டும். தர்மபுரியில் டைப் அடிக்கக் கொடுத்தால் காசும் ஆகும், நாளும் ஆகும். அவள் எழுத்தோ கோழி கிளறியது போல இருக்கும். கணக்குப் போடுகிற அவசரத்தில் எழுத்தைக் கவனிக்காதவள். "உங்க கையெழுத்துதான் அண்ணி என்னக் காப்பாத்தணும். அசல்ல இருக்கறதுல ஒரு புள்ளி கூடவும் கூடாது, கொறயவும் கூடாது. அப்பத்தான் கையெழுத்துப் போடுவாங்க. மைசூருக்கு வர்ற வாரக் கடசிக்குள்ள போய்ச் சேரணும்." யுத்த காலத்தில் காகிதம் கிடைப்பது கஷ்டம். நீளத் தாள் பத்தே பத்து, சித்தி கொடுத்தனுப்பியது. ஐந்து நகலுக்கு, ஐந்து கடிதத்துக்கு.

குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். முதல் தாளை எடுத்ததும் என் கை மேலே நடுவில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டது. நினைத்துப் போட்டதில்லை. அந்த வீட்டில் பலசரக்குச் சீட்டுக்கும் சுழி போடாமல் யாரும் எழுத மாட்டார்கள். போட்ட பிறகுதான் அசலைப் பார்த்தேன். அதில் மேலே வெறும் இடம். ஒரு புள்ளி கூடவும் கூடாது என்று அவள் சொன்னது காதில் இருந்தது. அந்தத் தாளை அப்போதே ஒதுக்கியிருக்கலாம். அல்லது அவளைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். நான் எழுதி முடித்தேன். இரண்டாவது தாளை எடுத்தேன். அதற்கும் சுழி போட்டேன். மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது. முதல் சுழியைக் கை போட்டது. மற்ற நான்கையும் நான் போட்டேன்.

பாப்பா ஐந்தையும் வாங்கி மார்க்கு மார்க்காக ஒத்துப் பார்த்தாள். அச்சு மாதிரி இருக்கிறது என்று பூரித்துப் போனாள். சுழி அவள் கண்ணில் படவே இல்லை. மாமனாரும் பார்த்தார், அவருக்கும் படவில்லை. பிறந்ததிலிருந்து எல்லாத் தாளின் தலையிலும் பார்த்துப் பார்த்து அதைத் தாளோடு சேர்ந்ததாகவே பார்க்கிற கண்கள். வீட்டில் அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அதன் பிறகு அவள் இங்கிலீஷில் எழுதிய கடிதம் ஒன்றைக் கொடுத்தாள். ஐந்து ஊருக்கும் ஒரே கடிதம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "சும்மா அண்ணி, எடம் குடுங்கன்னு பணிவாக் கேக்கறதுதான்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதையும் எழுத்துக்கு எழுத்து பார்த்து ஐந்து தடவை எழுதினேன். அதற்கு எந்தக் குறையும் வைக்கவில்லை.

மாமனார் தாள்களை வேட்டி மடிப்பில் சுற்றிக்கொண்டு, பெட்ரோல் கிடைக்காத அந்த நாளில் கரிப் புகையில் ஓடிய கரி பஸ் ஏறித் தர்மபுரிக்குப் போனார். சாயங்காலம் திரும்பியவர் துண்டை உதறிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். கோபமா சிரிப்பா என்று தெரியாத ஒரு முகம்.

"அந்த ஐயா ஒரு தாள எடுத்தாரு. அசலப் பாத்தாரு. 'பெரியவரே, இதுக்கு மேல ஒன்னு இருக்கே, அதுல எங்க?'ன்னாரு. நான், புள்ளையார் சுழிங்க சாமின்னேன். 'யுனிவர்சிட்டிக்காரங்க புள்ளையார் சுழி போட்டா மார்க்குக் குடுத்தாங்க? இது எப்படி நகலாவும்?'னு கேட்டாரு. அங்க இருந்த கிளார்க்கு மாருங்க எல்லாம் சிரிக்கறாங்க. நான் பிளேடு வச்சுச் சொரண்டிடறேன்னேன். 'சொரண்டின தாளுக்கு நான் கையெழுத்துப் போட்டா என் வேலயச் சொரண்டிடுவாங்க'ன்னுட்டாரு."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "ஏம் புள்ள, பாத்து எழுத மாட்ட? அசல்ல இல்லாதத எதுக்குப் போட்ட?"

 பாப்பாதான் பேசினாள். "அண்ணியத் திட்டாதீங்க அண்ணா. அவங்க என்ன பண்ணுவாங்க, பழக்கம். நானும்தான் பாத்தேன், எனக்கே தெரியலயே."

"ஆமா, விடு," என்றார் மாமனார். "அஞ்சாங் கிளாஸ் படிச்ச புள்ளைக்கு யுனிவர்சிட்டி சட்டம் எங்க தெரியும்?"

அப்படி என்னை மன்னித்துவிட்டார்கள். ஒன்றும் தெரியாதவள் என்று அவர்கள் நினைத்ததற்குப் பின்னால் நான் போய் ஒளிந்துகொண்டேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. தெரிந்துதான் செய்தேன் என்று கத்த வேண்டும் போல ஒரு வீம்பு வந்தது. அப்போதாவது என்னைக் கெட்டிக்காரி என்று ஒத்துக்கொள்வார்களே.

பாப்பா தண்ணீர் சேந்தப் போனபோது என் வீட்டுக்காரர் அந்தக் கடிதத் தாள்களை எடுத்து வாசித்தார். அவர் ஹைஸ்கூல் முடித்தவர். வாசித்துவிட்டு மடித்து வைத்தார். "என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டேன்.

"உனக்கு ஜன்னி வந்து கெடந்தயே, அதத்தான் எழுதியிருக்கா. அப்ப விட்டது படிக்கறதுக்குன்னு விட்ட லீவாம். நட்சத்திரக் கணக்குப் பாடத்த கடசியாப் படிக்கலாம்னு வச்சிருந்தாளாம். அந்த மூணு வாரமும் அண்ணன் சம்சாரத்துக்குத் தொணையா இருக்க வேண்டியதாப் போச்சு, அதனால அந்த ஒரு தாள்ல மார்க்குக் கொறஞ்சதுன்னு. காரணத்த எழுதச் சொல்லி அவங்க காலேஜ் அம்மா சொன்னாங்களாம். நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு."

ஆக, அந்தக் கடிதத்துக்குள் நான் இருந்தேன். என்னையே நான் ஐந்து தடவை அழகாக எழுதியிருக்கிறேன், இன்னார் என்று தெரியாமல். நான் அழுத்தி அழுத்திக் கறுப்பாக்கிய முப்பத்திரண்டு என்னால் வந்தது. ஈரத் துணியை என் நெற்றியில் மாற்றி மாற்றிப் போட்ட கை ஞாபகம் வந்தது. இதைக் கேட்டு நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்துக்கு அடியில் பழையது அப்படியே இருந்தது. அவள் வாங்கிய அந்தக் குறைந்த மார்க்கு ஒன்றைத்தான் என் ஆறுதலுக்கு வைத்திருந்தேன். அதற்கும் ஒரு பெருந்தன்மையான காரணம் இருந்துவிட்டது. கெட்ட மார்க்கைக்கூட அவளால் நல்லவளாக இருந்துதான் வாங்க முடிந்தது.

ஊர் வாத்தியாரிடம் கேட்டு மாமனார் மறுநாள் ஐந்து தாள் வாங்கி வந்தார். சுழி இல்லாமல் எழுதினேன். முப்பத்திரண்டை மற்றதைப் போலவே எழுதினேன். மாமனார் மறுபடி தர்மபுரிக்குப் போனால் அதிகாரி கேம்ப் போய்விட்டார், வர ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். கையெழுத்து வாங்கித் தபாலில் சேர்க்கும்போது மைசூருக்கும் சிதம்பரத்துக்கும் கெடு தாண்டிவிட்டது. அப்படியும் அனுப்பினாள். இரண்டும் போன வேகத்தில் திரும்பி வந்தன. மைசூர்க் கவரைக் கையில் வைத்துக்கொண்டு, "போனாப் போவுது அண்ணி, ஆறு கொட்டதான," என்று சிரித்தாள். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறேன் என்று போனவள் வெகுநேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். பாவமாக இருந்தது. ஓடிப்போய்ச் சொல்லிவிடலாமா என்று ஒரு கால் எடுத்து வைத்தேன். குழந்தை அழுவது போலக் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன். குழந்தை அழவில்லை.

சென்னையிலிருந்து இல்லை என்று வந்தது. காசியிலிருந்து ஒன்றுமே வரவில்லை. ஆனி பாதிக்குமேல் போய்விட்டது. அரூர்க்காரர்கள் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை நல்ல மாதிரி. பாப்பா தலை குனிந்து காப்பி கொடுத்ததைப் பார்க்க எனக்குக் கசப்பு மருந்து இறங்குவது போல ஒரு திருப்தி இருந்தது. அதன் பிறகு ஐந்தாறு நாளில் நாக்பூரிலிருந்து கடிதம் வந்தது. சேர்த்துக்கொள்கிறோம், மூன்றாம் கிளாஸ் என்பதால் முதல் வருஷப் பரீட்சையில் இத்தனைக்கு மேல் வாங்கினால்தான் இரண்டாம் வருஷம். ஆடி பிறந்ததும் வந்து சேர வேண்டும்.

மாமனார் சொன்ன வார்த்தைக்குக் கட்டுப்பட்டவர்தான். ஆனாலும் நாக்பூர் என்றதும் தடுமாறிப் போனார். மைசூராக இருந்தால் யோசித்தே இருக்க மாட்டார். இரண்டு நாள் ரயில், பாஷை தெரியாத ஊர், ஒரு வருஷத்தில் திருப்பி அனுப்பினாலும் அனுப்பலாம். அரூர்க்காரர்கள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள். சித்தியின் சிநேகிதி ஒருத்தி அங்கே நர்ஸாக இருக்கிறாள் என்பது மட்டும்தான் ஒரு பிடி. மகனைக் கேட்டார், அவர் உங்கள் இஷ்டம் என்றுவிட்டார். கடைசியில் மாமனார் என்னைக் கூப்பிட்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் என்னிடம் யோசனை கேட்டதில்லை.

"ஏம்மா, இந்த வூட்ல பொம்பளன்னு நீ ஒருத்திதான். அவ அம்மா இருந்தா அவளக் கேட்டிருப்பேன். அவ்வளவு தூரம் அனுப்பலாமா, அரூர்லயே முடிச்சிடலாமா? நீ என்ன சொல்ற?"

பாப்பா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் விரல்கள் மட்டும் கதவில் தெரிந்தன. ஒரு 'வேண்டாம்' போதும், அரூர் முடிந்துவிடும். அத்தனை நாள் அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு அது கண்ணுக்குத் தெரிந்தது: அரூர் என்றால் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் வந்துவிடுவாள். பொங்கலுக்கு வருவாள், புளி தட்ட வருவாள், என் மகளை மடியில் வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுப்பாள். அப்பாவும் அண்ணனும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கல்யாணம் செய்துகொண்டாலும் அவள் என்னைப் போல் ஆக மாட்டாள்; என் பக்கத்திலேயே, என்னைவிட ஒரு படி மேலே, சாகிற வரைக்கும் இருப்பாள். நாக்பூர் இரண்டு நாள் ரயில்.

"அனுப்புங்க மாமா," என்றேன். "அவ படிக்கட்டும். வூட்ட நான் பாத்துக்கறேன்."

மாமனார் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. பாப்பா கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் கண்ணீர் என் கழுத்தில் சூடாக இறங்கியது. "உங்கள மறக்கவே மாட்டேன் அண்ணி," என்றாள். முன்பு மொரப்பூருக்கு ஓடிக்கொண்டிருந்த சின்ன ரயிலின் தண்டவாளத்தை யுத்தத்துக்கு என்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டதால், கரி பஸ்ஸில் தர்மபுரி வழியாக மொரப்பூர் போய்த்தான் சென்னை ரயிலைப் பிடிக்க வேண்டும். பஸ் புழுதியில் மறைகிற வரைக்கும் நான் கையசைத்தேன். வீட்டுக்கு வந்து கூடத்தைப் பார்த்தேன். எவ்வளவு அகலமாக இருந்தது!

அவள் மறக்கவில்லை, அதுதான் சங்கடம். முதல் வருஷத்தைத் தாண்டினாள், எம்.ஏ. முடித்தாள், கல்யாணம் செய்துகொள்ளாமல் பெண்கள் காலேஜ்களில் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். மாசம் ஒரு கடிதம் வரும். முதல் வரி எப்போதும் எனக்குத்தான். அவள் ஓய்வு பெற்றபோது நடந்த விழாவுக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, மார்க்குக் குறைந்த ஒரு பெண்ணுக்காக ஐந்தாம் வகுப்புப் படித்த ஒரு பெண் தன் கையால் விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததையும், யாரும் துணியாதபோது அனுப்புங்கள் என்று சொன்னதையும் சொன்னாள். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். நான் குனிந்துகொண்டேன். கூச்ச சுபாவம் என்று நினைத்திருப்பார்கள். அப்போதும் எனக்குத் தோன்றியது, இவ்வளவு பேருக்கு நடுவில் நன்றி சொல்லக்கூட இவளுக்கு எப்படி வாய் வருகிறது என்றுதான்.

வண்டியில் திரும்பும்போது பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் நான் கிளம்பியிருந்தேன். "அன்னைக்கி நீங்க வேண்டாம்னு சொல்லியிருந்தா நான் எங்க இருந்திருப்பேன் அண்ணி?" என்று கேட்டாள்.

"அரூர்ல," என்றேன். அவள் சிரித்தாள். மேலே சொல்ல வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன். அவ்வளவு பெரிய கணக்குக்காரி, என் ஒருத்தியை மட்டும் கடைசி வரைக்கும் தப்பாகவே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். திருத்துவதற்கு எனக்கு மனசு வரவில்லை. அவளுக்கு வாய்த்ததில் என் கைக்கு வந்தது எதுவும் இல்லை. அவள் செய்த தப்பு ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.